பத்தாவது ஆளும் ஒற்றை ஓட்டமும்

‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்று சொல்லிவைத்தவர் கிரிக்கெட் ஆடியிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் ஊர்ப்புற ஆட்டங்களின் மட்டை வரிசையை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கிவிட முடியாது. டென்னிஸ் பந்தில் ஆடுகிற நாள்களில் எல்லாருக்கும் முதலாவதாக இறங்க வேண்டும், அது பந்தி. தோல் பந்து வந்துவிட்டது, எதிரணியில் முரட்டு வேகத்தில் வீசுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்த அன்றைக்கு அதே ஆள்கள் ‘நீ முதல்ல போ, நான் ஃபோர்த் டவுன் வர்றேன்’ என்பார்கள்; அது படை. கடலூர் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணத்தில் அறுப்பு முடிந்த வயல்களில் ஆடி வளர்ந்த எங்களுக்கு, மட்டை வரிசை என்பது ஓட்டங்களைப் பற்றிய கணக்காக ஒருநாளும் இருந்ததில்லை. மட்டை யாருடையது, பந்துக்குக் காசு போட்டவர் யார், யாருடைய அண்ணன் அணித்தலைவர், யார் எந்தத் தெரு என்பவற்றைப் பற்றிய கணக்காகவே அது இருந்தது. பூவராகர் கோயில் உற்சவத்தில் யாருக்கு முதல் மரியாதை என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு வளர்ந்த பையன்கள் வேறெப்படி வரிசை எழுதுவார்கள்?

இலக்கியம் பேசுகிற இடத்தில் கிரிக்கெட் எதற்கு என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் எங்களுக்கு உண்டு. சிற்றிதழ் மரபில் விளையாட்டு தீண்டத்தகாததாகவே இருந்துவந்திருக்கிறது. அந்த வழக்கைப் பிறகொரு நாள் வைத்துக்கொள்ளலாம். இப்போது எங்கள் கட்சி இரண்டே. சிறு ஓட்டத்துக்கு உரிய மதிப்பை நாம் கொடுக்கவில்லை என்பது ஒன்று. மட்டை வரிசையை நாம் மரியாதைப் பட்டியலாக ஆக்கி வைத்திருப்பதே அதற்குக் காரணம் என்பது இன்னொன்று.

எங்களில் சிலர் பிழைப்புக்காக அமெரிக்கா போனபோது பேஸ்பால் பார்க்கக் கற்றுக்கொண்டோம். தொடக்கத்தில் அது உப்பில்லாத பண்டமாகத்தான் இருந்தது. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தால் மூன்று ஓட்டம் வரும். பிறகு மெல்லப் பிடிபட்டது. ஓட்டம் அரிதாக இருக்கிற ஆட்டத்தில் ஒவ்வோர் ஓட்டத்தையும் எப்படிச் சேர்ப்பது என்பதற்கு அவர்களிடம் இரண்டு சமயங்கள் இருந்தன. ஓங்கி அடித்து அரங்குக்கு வெளியே அனுப்பும் ஹோம் ரன் ஒரு சமயம். மற்றதற்கு ஸ்மால் பால் என்று பெயர். சிறு ஆட்டம் என்று நாம் சொல்லலாம். எப்படியோ ஒருவர் முதல் தளத்துக்குப் போய்விடுகிறார். அடுத்து வருகிற மட்டையாளர் பந்தை அடிக்காமல், மட்டையைக் குறுக்காகப் பிடித்துக் காலடியில் மெதுவாகத் தட்டி விடுகிறார். அதைப் பன்ட் என்பார்கள். அவர் ஆட்டமிழந்துவிடுவார், ஆனால் முதல் தளத்தில் நின்றவர் இரண்டாம் தளத்துக்குப் போய்விடுவார். இதைத் தியாகம் என்றே ஆட்டக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். மட்டையாளரின் சராசரியை அது குறைப்பதும் இல்லை. தன் விக்கெட்டைக் கொடுத்து இன்னொருவரை ஓரடி நகர்த்தியவருக்கு ஏட்டிலேயே ஒரு பத்தி உண்டு என்பது எங்களை வெகுநாள் யோசிக்க வைத்தது. கிரிக்கெட் ஏட்டில் அப்படி ஒரு பத்தி இல்லை. ஜப்பானில் மசாஹிரோ கவாய் என்பவர் தம் தொழில்முறை வாழ்வில் இத்தகைய 533 தியாகங்களைச் செய்து உலக சாதனை படைத்திருக்கிறார். 868 ஹோம் ரன் அடித்த சதஹாரு ஓவைக் கொண்டாடும் அதே நாடு கவாயையும் கொண்டாடுகிறது.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. புள்ளிவிவரக்காரர்கள் சிறு ஆட்டத்தை ஏறக்குறைய அடித்து நொறுக்கிவிட்டார்கள். ஓக்லண்ட் அணியைப் பற்றி மைக்கேல் லூயிஸ் எழுதிய ‘மனிபால்’ 2003இல் வந்தபோது பன்ட் என்பது பழம்பஞ்சாங்கத்தின் அடையாளமாகிவிட்டது. கணக்கு எளிமையானது. யாரும் ஆட்டமிழக்காமல் முதல் தளத்தில் ஒருவர் நிற்கும் நிலையில் அந்தச் சுற்றில் சராசரியாக ஏறக்குறைய 0.9 ஓட்டம் வரும். தியாகம் செய்து அவரை இரண்டாம் தளத்துக்கு நகர்த்தி ஒருவரை இழந்துவிட்டால் அது ஏறக்குறைய 0.7 ஆகிவிடும். கொடுத்ததைவிடக் குறைவாகவே வாங்கியிருக்கிறீர்கள். மட்டை வரிசை பற்றியும் அவர்கள் சொல்வது தலைக்கனத்தைக் குறைக்கும்: ஒரே ஒன்பது பேரை எப்படி மாற்றி மாற்றி அடுக்கினாலும், முட்டாள்தனமாக அடுக்காத வரை, 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஒன்றிரண்டு வெற்றிகளுக்கு மேல் வித்தியாசம் வராது.

இதை ஒப்புக்கொண்ட பிறகும் எங்களிடம் இரண்டு மறுப்புகள் எஞ்சியிருக்கின்றன. ஒன்று, சராசரி என்பது நிறைய ஓட்டம் வேண்டும்போது பேச வேண்டிய மொழி. ஒரே ஓர் ஓட்டம் போதும் என்கிற கடைசிச் சுற்றில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எத்தனை வரும் என்பதன்று, ஒன்றாவது வருமா என்பது. இரண்டாம் தளத்தில் நிற்பவரைத் தியாகம் செய்து மூன்றாம் தளத்துக்கு நகர்த்தினால் சராசரி குறைகிறது. ஆனால் அந்த ஓர் ஓட்டம் வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது. அமெரிக்கப் பெருங்குழு ஆட்டங்களில் 2020 முதல் கூடுதல் சுற்றுகளில் இரண்டாம் தளத்தில் ஓர் ஆளை நிறுத்தியே தொடங்குகிறார்கள். அத்தகைய சுற்றுகளில் கேலி செய்யப்பட்ட பன்ட் மறுபடி எட்டிப் பார்க்கிறது.

இரண்டாவது மறுப்பு எங்களுக்கு முக்கியமானது. பேஸ்பாலில் வரிசை சுழலும். ஒன்பதாவது ஆள் ஆடி முடித்தால் முதலாமவர் திரும்ப வருவார். ஒன்பதாவது ஆளுக்கும் ஓர் ஆட்டத்தில் மூன்று நான்கு முறை மட்டை கிடைத்தே தீரும். அங்கே வரிசை என்பது வட்டம். கிரிக்கெட்டில் அது ஏணி. மேலே நிற்பவர் இறங்கினால்தான் கீழே நிற்பவருக்கு இடம். 20 ஓவர் ஆட்டத்தில் எட்டாவது, ஒன்பதாவது ஆள்கள் ஒரு பருவம் முழுக்கக் காலுறை கட்டி உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போக நேரிடும். பேஸ்பால் ஆய்வாளர்கள் வரிசையைப் பற்றிச் சொன்ன சமாதானம் நம்முடைய ஆட்டத்துக்குப் பொருந்தாது. இங்கே வரிசை எழுதுகிறவர் யாருக்கு ஆட்டம் உண்டு, யாருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்.

சிறு ஓட்டத்தைப் பற்றிப் பேச, தமிழர்களாகிய நாம் ஓக்லண்டுக்கெல்லாம் போக வேண்டியதில்லை. சேப்பாக்கம் போதும். ஒற்றை ஓட்டத்தால் இவ்வளவு காயப்பட்ட மைதானம் உலகில் வேறு உண்டா என்று தெரியவில்லை.

1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை நடந்த டெஸ்டை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியா 574. அதில் டீன் ஜோன்ஸ், சென்னை வெயிலில் வாந்தியெடுத்துக்கொண்டே 210 அடித்தார். இந்தியா 397, கபில்தேவ் 119. ஆஸ்திரேலியா மறுபடி 170க்கு முடித்துக்கொண்டு, கடைசி நாளில் 348 எடுங்கள் என்றது. கவாஸ்கர் 90. கடைசி ஓவர் கிரெக் மேத்யூஸ் வீசுகிறார். கைவசம் ஒரே விக்கெட், வேண்டியது 4 ஓட்டம், எதிர்கொள்பவர் ரவி சாஸ்திரி. முதல் பந்தில் ஒன்றுமில்லை. இரண்டாம் பந்தில் இரண்டு. மூன்றாம் பந்தில் ஒன்று. ஓட்டங்கள் சமம். இப்போது எதிர்முனையிலிருந்து வந்து நிற்பவர் பதினோராவது ஆளான மனிந்தர் சிங். ஒரு பந்தைத் தடுத்தார், அடுத்ததில் எல்பிடபிள்யூ. டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை. முதலாவது 1960இல் பிரிஸ்பேனில் நடந்தது.

சாஸ்திரி அந்த ஒற்றை ஓட்டத்தை எடுத்திருக்கக் கூடாது, தானே நின்று ஆடியிருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. நாங்கள் அவர்கள் பக்கம் இல்லை. அந்த ஓர் ஓட்டம் தோல்வியை இல்லாமல் ஆக்கியது. சமமான பிறகு எஞ்சியவை மூன்று பந்துகள். அவற்றை ஆட இன்னொரு மனிதர் இருக்கிறார், அவரும் இந்த அணியில்தான் இருக்கிறார் என்று நம்பியே அந்த ஓட்டம் எடுக்கப்பட்டது. நம்பிக்கை பலிக்கவில்லை. அது வேறு விஷயம்.

அடுத்த ஆண்டு, 1987 அக்டோபர் 9, உலகக் கோப்பை, அதே மைதானம், அதே ஆஸ்திரேலியா. டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்து நான்காகக் கணக்கிடப்பட்டது. அது ஆறுதான் என்று ஆஸ்திரேலியர்கள் இடைவேளையில் முறையிட, கபில்தேவ் ஒப்புக்கொள்ள, 268 என்பது 270 ஆயிற்று. நம் ஸ்ரீகாந்த் 70, முதல் ஒருநாள் ஆட்டத்தில் இறங்கிய சித்து 73. ஒரு கட்டத்தில் 207 ஓட்டத்துக்கு 2 விக்கெட்டே போயிருந்தது. அங்கிருந்து 269க்குள் எல்லாரும் வெளியே. ஸ்டீவ் வா வீசிய கடைசி ஓவரின் ஐந்தாம் பந்தில் ஸ்டம்பைப் பறிகொடுத்தவர் மீண்டும் மனிந்தர் சிங். ஓர் ஓட்டத்தில் தோல்வி. கபிலின் பெருந்தன்மையைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. எங்களுக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் 207க்கு 2 என்று நின்ற ஓர் அணிக்கு வேண்டியிருந்தது இன்னும் 64 ஓட்டம். அதை ஓடியே எடுத்திருக்கலாம். மேல்வரிசைக்காரர்கள் விட்டுவிட்டுப் போன இரண்டொரு ஓட்டங்களின் பழி, பதின்மூன்று மாதத்தில் இரண்டாம் முறையாகப் பதினோராவது ஆளின் தலையில் இறங்கியது.

1999 ஜனவரி 31. எங்களில் சிலர் அன்று டி.வி. பெட்டியின் முன் தரையில் உட்கார்ந்திருந்தோம். பாகிஸ்தானுக்கு எதிராக 271 எடுக்க வேண்டும். 82க்கு 5 விக்கெட். அதன் பிறகு டெண்டுல்கரும் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ஓட்டங்களைத் திரட்டினார்கள். மோங்கியா 52இல் தூக்கி அடிக்கப் போய் வெளியேறினார். முதுகு வலியில் நிற்கக்கூட முடியாத டெண்டுல்கர் 254 வரை இழுத்து வந்தார். வேண்டியது 17, கையில் 4 விக்கெட். சக்லைன் முஷ்டாக் பந்தைத் தூக்கி அடித்தார். வாசிம் அக்ரம் கைக்குப் போயிற்று. 136 ஓட்டம். அடுத்து வந்த 4 ஓட்டத்துக்குள் மீதி 3 விக்கெட்டும் போயின. 12 ஓட்டத்தில் தோல்வி. சேப்பாக்கம் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அந்தக் கைதட்டலைப் பற்றி நம்மவர்கள் பெருமையாக எழுதியவை ஏராளம், பெருமைப்பட வேண்டியதுதான்.

ஆனால் அந்தப் 17 ஓட்டத்தைப் பற்றி யாரும் எழுதியதாக எங்களுக்கு நினைவில்லை. அந்த அடி டெண்டுல்கரின் பிழை என்று சொல்வது அநியாயம்; நிற்க முடியாதவர் ஓட எப்படி முடியும்? மற்றவர்களால் முடிந்திருக்கும். 17 ஓட்டம் என்பது 17 முறை இருபத்திரண்டு கஜம் ஓடுவது. நேரமும் இருந்தது, பந்துகளும் இருந்தன. இல்லாமல் போனது, ஒவ்வொன்றாக எடுத்தாலும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்கிற எண்ணம். அந்த வரிசையின் கீழ்ப் பகுதி ஆண்டுக்கணக்கில், ‘மேலே உள்ளவர் அடிப்பார், நாம் நின்றால் போதும்’ என்றே பழக்கப்பட்டிருந்தது. அவர் போனதும் அவர்களுக்கு வேலை என்னவென்றே தெரியவில்லை.

இரண்டே ஆண்டு கழித்து, 2001 மார்ச்சில் அதே மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 155 எடுக்க வேண்டிவந்தது. லக்ஷ்மண் 66 எடுத்தார். 151இல் எட்டாவது விக்கெட்டும் போயிற்று. அந்தத் தொடரில்தான் டெஸ்டுக்குள் வந்திருந்த சமீர் திகே 22 ஓட்டத்தோடு ஆட்டமிழக்காமல் நிற்க, மெக்ராத் பந்தைத் தட்டிவிட்டு இரண்டு ஓட்டம் ஓடி ஆட்டத்தை முடித்தவர் ஹர்பஜன் சிங். அந்த டெஸ்டில் அவர் 15 விக்கெட் எடுத்ததை எல்லாரும் சொல்வார்கள். திகேயின் 22ஐச் சொல்கிறவர்களை நாங்கள் அதிகம் சந்தித்ததில்லை.

வரிசையைக் கலைத்துப் பார்த்தபோதெல்லாம் நமக்கு நன்மையே நேர்ந்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகிவிடும். சில உதாரணங்களை மட்டும் சொல்கிறோம். டிரினிடாடில் பிறந்து, படிக்கச் சென்னைக்கு வந்து, தமிழ்நாட்டு அணியின் தூணாக ஆனவர் ராபின் சிங். 1998 ஜனவரி 18 அன்று டாக்காவில் பாகிஸ்தான் 314 எடுத்திருந்த இறுதி ஆட்டத்தில், கீழ்வரிசையில் ஆடிப் பழகிய அவரை மூன்றாவதாக அனுப்பினார்கள். அவர் 82, கங்குலி 124. இருட்டிக்கொண்டு வந்த வேளையில் கனிட்கர் சக்லைன் பந்தில் அடித்த நான்கைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. இடையில் ராபின் ஓடிய ஓட்டங்களை யார் எண்ணினார்கள்? டெஸ்டில் மாலை மங்கும் நேரத்தில் நல்ல மட்டையாளரைக் காப்பாற்றப் பின்வரிசை ஆளை முன்னே அனுப்புகிறார்களே, ‘நைட் வாட்ச்மேன்’ என்று, அது கிரிக்கெட்டின் பன்ட். அப்படிக் காவலுக்குப் போன கிர்மானி 1979இல் பம்பாயில் 101 எடுத்து ஆட்டமிழக்காமல் வந்தார்; 2006இல் சிட்டகாங்கில் கில்லெஸ்பி 201 எடுத்தார். பலிக்கு அனுப்பியவர்கள் பூசை வாங்கிக்கொண்டு திரும்பிய கதை!

1996 உலகக் கோப்பை என்றதும் ஜயசூரியவும் கலுவிதாரணவும் முதல் பதினைந்து ஓவரில் செய்த அட்டகாசம் நினைவுக்கு வரும். லாகூர் இறுதி ஆட்டத்தில் அவர்கள் இருவரும் 23 ஓட்டத்துக்குள் வெளியேறிவிட்டார்கள் என்பது பலருக்கு மறந்துபோய்விட்டது. கோப்பையை வாங்கித் தந்தவை அரவிந்த டி சில்வாவின் 107, குருசிங்கவின் 65, ரணதுங்கவின் 47. அதிலும் ரணதுங்க, கடைக்குப் போகிற மளிகைக்காரர் மாதிரி நடந்தே ஒற்றை ஓட்டம் எடுத்தவர். எதிரணிக்கு அதைவிட எரிச்சல் தருவது வேறு எதுவுமில்லை. 2011 இறுதியில் தோனி யுவராஜுக்கு முன்னால் இறங்கியதும், முடிவில் அடித்த சிக்சரும் சுவரொட்டியாகவே ஆகிவிட்டன. அந்த ஆட்டத்தில் கம்பீர் எடுத்த 97இல் 9 நான்குகள், ஒரு சிக்சர்கூட இல்லை. 61 ஓட்டங்களைக் காலால் எடுத்தார். தோனியின் 91இலும் 47 ஓடியவை. நாம் எதை மாட்டி வைத்திருக்கிறோம் என்று சுவரைப் பார்த்துக்கொண்டால் போதும்.

வேடிக்கை என்னவென்றால், சிறு ஆட்டத்தை நம் தெருக்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. எங்கள் தெருவில் பந்து மாடியில் விழுந்தால் அவுட். கரும்புக் கொல்லைக்குள் போனால் அவுட், கூடவே தேடி எடுத்து வரும் வேலையும் அடித்தவனுடையது. பந்து விலை கொடுத்து வாங்கியது. எதிர் வீட்டு அத்தை திருப்பித் தர மாட்டார். ஓங்கி அடிப்பவனுக்குத் தண்டனை, தரையோடு தட்டி ஓடுகிறவனுக்கு வாழ்வு. ஆள் பற்றாக்குறையில் இரண்டு அணிக்கும் பொதுவாக ஆடுகிற ‘ஜோக்கர்’கூட அங்கே மட்டை பிடித்தான். தொடர் ஆட்டம், பரிசுத்தொகை, ஒலிபெருக்கி என்று வந்த பிறகுதான் வயலின் எல்லைக்குக் கயிறு வந்தது. கயிற்றோடு சிக்சரும், சிக்சரோடு மரியாதை வரிசையும் வந்தன.

அப்படியொரு தொடர் ஆட்டத்தை எங்களால் மறக்க முடிவதில்லை. எதிரணி முந்திரித் தோப்பு சூழ்ந்த ஒரு கிராமத்தார். எங்கள் அணியில் பத்தாவதாக எழுதப்பட்டவன் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பையன். வார நாள்களில் சூளைப் பக்கம் வேலை, ஞாயிறு எங்களோடு ஆட்டம். ஓவர் எல்லாம் அவனை வீசச் சொல்வோம். கொளுத்தும் வெயிலில் எல்லைக் கோட்டில் நிற்கச் சொல்வோம். அந்த ஆண்டு முழுக்க அவன் எத்தனை பந்து மட்டையால் ஆடினான் என்று இப்போது எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்கள் மிச்சமாகும்.

கடைசி ஓவர். வெற்றிக்கு 5 ஓட்டம், கையில் 2 விக்கெட். ஆடிக்கொண்டிருந்தவன் எங்கள் பெரிய அடிக்காரன், மட்டைக்குச் சொந்தக்காரன். எதிர்முனையில் பத்தாவது ஆள். முதல் பந்தை அடிக்காரன் லாங் ஆன் பக்கம் தட்டினான். சோம்பலாக ஓடினாலும் ஓர் ஓட்டம் உண்டு. எதிர்முனைக்காரன் பாதி தூரம் வந்துவிட்டான். “ஓடாத, ஓடாத, ஸ்ட்ரைக் குடுக்காத!” என்று கத்தினார்கள். கத்தியவர்கள் வேறு யாருமில்லை, நாங்கள்தான். அவன் திரும்பி ஓடினான். இரண்டாம் பந்திலும் அதே கதை. மூன்றாம் பந்துக்கு அடிக்காரன் தோப்பைப் பார்த்து மட்டையை வீசினான். பந்து அடியில் புகுந்து நடுக் குச்சியைத் தள்ளியது. அடுத்து வந்தவன் முதல் பந்திலேயே காற்றில் தூக்கிக் கொடுத்தான். நான்கு ஓட்டத்தில் தோற்றோம். குறிப்பேட்டில் பத்தாவது ஆளின் பெயருக்கு நேரே ‘நாட் அவுட் 0’ என்று எழுதி, பக்கத்தில் சந்தித்த பந்து என்ற கட்டத்திலும் 0 போட வேண்டியிருந்தது.

வழியில் யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. குறை சொல்ல அவன் எதுவும் செய்திருக்கவில்லை. ‘ரெண்டு தடவை வந்தேண்ணா, நீங்கதான் வேணாம்னீங்க’ என்று மட்டும் சொன்னான். கோபமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை, பட்டறையில் வேலை இருந்திருக்கலாம். அதற்கடுத்த ஞாயிறு வந்தான். நாங்கள் வரிசை எழுதினோம். அவனைப் பத்தாவதாகத்தான் எழுதினோம்.